முப்புரி கண்ட அறிஞர்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியில், சானடோரியம் நிலையத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. குரோமியம் என்னும் உலோகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்கள் உலகில் மிகச் சிலவே இருக்கக்கூடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் அங்கு நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையே அவ்வூருக்கு அப்பெயரைத் தந்தது. அடுத்த நிலையமான பல்லாவரத்தைச் சுற்றியும் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடைபெற்றது. வண்டி மேலும் வடக்கே சென்று கிண்டியை அடைகிறது. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம் உள்ளது. அதற்கு அண்மையில், அடையாற்றில், 1948இல் தோற்றுவிக்கப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது.

தோலைப் பதனிடுவோர் தம் தொழிலின் வழியாகவே அறிந்திருந்த செய்தி ஒன்றுண்டு. பச்சைத் தோலை வெந்நீரில் இட்டால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசு வெப்பத்தில் அது திடீரெனச் சுருங்கும். தொடர்ந்து காய்ச்சினால் கரைந்து பசையாகும். அப்பசையை ஆறவைத்தால் இறுகித் தளதளவென்று நிற்கும். தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கும் பசை இவ்வாறு கிடைப்பதே. ஆனால் குரோமிய உப்பில் ஊறிய தோல், கொதிநீரிலும் உருக்குலையாது. பச்சைத் தோலுக்கும் பசைக்கும் பதனிட்ட தோலுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே. இழுத்தால் எளிதில் நெகிழாத நார், தொட்டாலே அதிரும் குழைவான களி, கொதிநீருக்கும் அசையாத செருப்புத் தோல் என மூன்று வடிவங்களை ஒரே பொருள் எவ்வாறு எடுக்கிறது? அதன் உள்ளே இருக்கும் கட்டமைப்பு யாது?

இவ்வினாவிற்கு விடை கிண்டியிலிருந்து கிடைத்தது. அதனைக் கண்டவர் ஜி. என். இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் அங்குள்ள மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர்; பின்னர் அதன் முதல்வராகவும் இருந்தவர். மகனுக்குக் கணிதத்தின் சுவையை முதலில் ஊட்டியவர் அவரே. பிற்காலத்தில் இராமச்சந்திரன் எந்தத் துறையில் கால் பதித்தாலும் அதனுள் கணிதத்தைத் தேடிக் கண்டதற்கு இவ்வீட்டுப் பயிற்சியே வித்தாயிற்று எனலாம்.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பை முடித்தபின் 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். முதலில் அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்த சர் சி. வி. இராமன் இம்மாணவரின் ஆற்றலைக் கண்டு தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். பொறியாளராகியிருக்க வேண்டியவர் அந்நாள் முதல் இயற்பியலாளரானார்.

இராமனிடம் அவர் மேற்கொண்ட ஆய்வுகள் படிகங்களைப் பற்றியவை. வைரம் முதலிய படிகங்களின்மீது அழுத்தம் செலுத்தினால் அவற்றின் வழியே செல்லும் ஒளி எவ்வாறு மாறுகிறது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு பொருள் அழுத்தத்திற்கு எவ்வாறு இணங்குகிறது என்பதை ஒளியைக் கொண்டே படித்தறியும் துறை அது. இதில் சுவையான முன்வரலாறு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த கூழைக் களியாக இறுகச் செய்து, அதனை முறுக்கி, முனைவுற்ற ஒளியில் நோக்கினார். முறுக்கத்தின் அளவிற்கேற்ப அக்களியில் வண்ணப் பட்டைகள் தோன்றின. மாக்ஸ்வெல் கையாண்ட அந்தக் களியும், இராமச்சந்திரன் பின்னாளில் ஆராயப்போகும் பொருளும் ஒன்றே. வைரத்தை ஆராய்ந்த இளைஞருக்கு அது அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

1947இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்பவரின் வழிகாட்டுதலில் ஈராண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றார். படிகத்தின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை மங்கலாகச் சிதறும் முறையிலிருந்து அப்படிகத்தின் மீள்தன்மையைக் கணக்கிடுவது அவருடைய ஆய்வு. எக்ஸ் கதிர், மீள்தன்மை, கணிதம் ஆகிய மூன்றும் இவ்வாறு அவர் கைக்கு வந்து சேர்ந்தன. புரதங்களின் வடிவம் பற்றி அந்நாளில் பெரிதும் பேசப்பட்ட லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளையும் அவர் அங்குக் கேட்டார். 1949இல் பெங்களூருக்குத் திரும்பினார்.

கிண்டியில் ஒரு துறை

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். புதிய இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க விரும்பிய அவர் இராமனை அணுகினார். இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரின் பெயரை முன்மொழிந்தார். 1952இல் இராமச்சந்திரன் அத்துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயதும் நிறைந்திருக்கவில்லை. துணைவேந்தர் அவருக்குத் தந்த உரிமை அந்நாளைய பல்கலைக்கழகங்களில் அரிதானது. எதை ஆராய்வது என்பதை அவரே முடிவு செய்யலாம். ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் வாங்கவும் துணை கிடைத்தது.

ஆனால் எதை ஆராய்வது? படிகங்களிலேயே தொடர்ந்திருந்தால் நற்பெயரோடு வாழ்ந்திருக்கலாம். அவ்வாண்டில் இங்கிலாந்து அறிஞர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். உரையாடலின்போது கொலாஜன் என்னும் புரதத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. அதற்கென அதுவரை முன்வைக்கப்பட்ட கட்டமைப்புகளுள் ஒன்றும் மனநிறைவு தருவதாக இல்லை என்பது பெர்னாலின் கருத்து. இராமச்சந்திரன் அதனைப் பற்றிக்கொண்டார்.

கொலாஜன் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் பசையைப் பிறப்பிப்பது என்பது பொருள். நம் உடலிலுள்ள புரதங்களுள் மிகுதியாக இருப்பது இதுவே. தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு, கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலம் ஆகிய யாவும் கொலாஜனால் நெய்யப்பட்டவை. நாம் ஓடும்போது குதிகால் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் சிறிது நீண்டு, மறுகணமே பழைய நீளத்திற்கு மீள்கிறது. சில விழுக்காடு அளவிற்கு நீளும்வரை அதற்கு ஊறு இல்லை. அந்த எல்லை கடந்தால் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், பின்பு அறுபடும். நெகிழ்ந்து மீளும் இந்த ஆற்றலின் அடிப்படையை அறிய வேண்டுமாயின் மூலக்கூற்றின் வடிவை அறிந்தாக வேண்டும்.

ஆய்வுக்கு முதல் தேவை நல்ல கொலாஜன் நார். இங்குத்தான் அண்டை நிறுவனம் கைகொடுத்தது. தோலை ஆராயும் நிறுவனத்திற்குக் கொலாஜன் புதிதன்று. அதன் உதவியோடு பல வகை மாதிரிகள் திரட்டப்பட்டன. அவற்றுள் ஆஸ்திரேலியாவிலிருந்து பெறப்பட்ட கங்காருவின் வால் தசைநாண் மிகத் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. தசைநாணைத் தளர விடாமல் இழுத்துப் பிடித்துப் படமெடுத்தால் புள்ளிகள் மேலும் தெளிவுறும் என்பதை இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். இழுவிசைக்கு உட்பட்டபோது நாரினுள் இருக்கும் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைப்படுவதே அதற்குக் காரணம்.

கயிறு திரிக்கும் முறை

படத்தில் தெரிவன புள்ளிகளும் வளைவுகளுமே. மூலக்கூற்றின் உருவம் அதில் நேராகத் தெரியாது. ஓர் உருவத்தைக் கருதிப் பார்த்து, அது இத்தகைய புள்ளிகளைத் தருமா என்று கணக்கிட்டு, ஒவ்வாதபோது விலக்கி, மீண்டும் வேறொன்றைக் கருதும் வேலை அது. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் இதில் மூழ்கினர்.

வேதியியல் ஒரு குறிப்பைத் தந்திருந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அது. சரியாக மூன்றில் ஒரு பங்கு என்பது தற்செயலாக இருக்க முடியாது என்று இராமச்சந்திரன் கருதினார். சங்கிலியில் மூன்றாம் இடந்தோறும் கிளைசினே அமர்ந்திருக்க வேண்டும். மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்குமானால் அவற்றின் நடுவே எஞ்சும் இடம் மிகக் குறுகியது. அவ்விடத்தில் கிளைசினைத் தவிர வேறெதுவும் அடங்காது. ஆகவே மூன்று சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் மூன்றாவதாகக் கிளைசின், அவையனைத்தும் உள்நோக்கி. இந்த முடிவு 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத நேச்சர் இதழில் வெளிவந்தது.

அம்மாதிரியில் மூன்று சங்கிலிகளும் அருகருகே நேராக நின்றன. ஆனால் எக்ஸ் கதிர்ப் படத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் அது விடை தரவில்லை. நிலவு புவியைச் சுற்றி வரும்போது எப்போதும் ஒரே முகத்தைப் புவிக்குக் காட்டுகிறது. அதற்காகத் தன்னைத்தானேயும் சற்றுத் திருப்பிக்கொண்டே செல்கிறது. இந்த எண்ணமே இராமச்சந்திரனுக்கு அடுத்த படியைக் காட்டியதாகக் கூறுவர். கிளைசின் எப்போதும் உட்புறமே நோக்க வேண்டுமானால், சங்கிலிகள் தம்மளவில் சுருள்வதோடு ஒன்றையொன்று சுற்றியும் வர வேண்டும். 1955இல் இந்தத் திருத்திய மாதிரியை அவர்கள் வெளியிட்டனர். அறிவியலார் இதனை மும்மைச் சுருள் என்பர். நம் வழக்கில் முப்புரி என்றால் இன்னும் எளிதாக விளங்கும்.

தென்னை நாரில் கயிறு திரிப்பவரைக் கவனித்தவர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்குவர். முறுக்கிய புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் திரிப்பர். ஒரு முறுக்கு அவிழ முயன்றால் மற்றது இறுகும். எனவேதான் கயிறு பிரிவதில்லை. கொலாஜனிலும் தனிச் சங்கிலி இடப்புறமாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்த கயிறு வலப்புறமாகத் திரிகிறது. அந்த மூலக்கூற்றுக் கயிற்றின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர் மட்டுமே. இத்தகைய கயிறுகள் பல அடுக்கப்பட்டு, இடையிடையே வேதிப்பிணைப்புகளால் கட்டப்பட்டுத் தசைநாண் ஆகின்றன.

களியின் புதிர்

இந்த அமைப்பு தெரிந்தபின் பசையின் புதிரும் அவிழ்ந்தது. தோலையோ எலும்பையோ காய்ச்சும்போது முப்புரி பிரிந்து மூன்று தனி இழைகளாகிறது. இதுவே ஜெலட்டின். சூடான நீரில் அவ்விழைகள் ஒழுங்கின்றி நெளிந்து திரிகின்றன. நீர்மம் நீர்மமாகவே இருக்கிறது. ஆறும்போது அவை தம் பழைய வடிவை நினைவுகூர்வதுபோல் ஆங்காங்கே மீண்டும் முறுக்கிக்கொள்ள முயல்கின்றன. முழுமையாக ஒன்றுசேர அவற்றால் இயலாது. ஓரிழையின் ஒரு பகுதி ஓரிடத்திலும் மறுபகுதி வேறிடத்திலும் பின்னிக்கொள்ள, இடையிடையே குட்டையான முப்புரி முடிச்சுகள் தோன்றி, நீர் முழுதும் பரந்த ஒரு வலை உருவாகிறது. நூறு பங்கு களியில் ஜெலட்டின் இரண்டு மூன்று பங்கே இருந்தாலும் எஞ்சிய நீர் முழுவதையும் அவ்வலை வழிந்தோடாமல் பிடித்து நிறுத்திவிடும். ஆட்டுக்கால் சாறு இரவு முழுதும் குளிர்ந்தபின் காலையில் இறுகி நிற்பதும் இதனாலேயே.

இத்தகைய களியை விரலால் மெல்ல அழுத்தினால் குழிகிறது. விரலை எடுத்தால் மீள்கிறது. முடிச்சுகளுக்கு இடையே தளர்ந்து கிடக்கும் இழைகள் அழுத்தத்தால் நீட்டப்படுகின்றன. வெப்ப இயக்கத்தால் எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு. எனவே விசை நீங்கியதும் அவை பழையபடி சுருண்டுவிடுகின்றன. நெடுநேரம் அழுத்தியே வைத்திருந்தால் நிலை வேறு. முடிச்சுகள் சில மெல்ல அவிழ்ந்து வேறிடத்தில் புதிதாக விழும். விசையை எடுத்த பிறகும் களி முழுதாக மீளாது. மிகையாக அழுத்தினால் வலை அறுந்து களி பிளவுபடும். பிளந்த துண்டுகளை இளஞ்சூட்டில் உருக்கி ஆறவைத்தால் முடிச்சுகள் மறுபடி உண்டாகிக் களி முன்போல் நிற்கும். அடுப்பருகே நெகிழ்வதும் குளிரில் இறுகுவதுமாக எத்தனை முறை வேண்டுமானாலும் இது நிகழலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மிகுதியாகக் காய்ச்சக் காய்ச்ச இழைகளே துண்டுபடுவதால் ஒவ்வொரு முறையும் களியின் வலிமை சற்றுக் குறைந்தே போகும். பழைய தச்சர்கள் வச்சிரத்தை நேர்த் தீயில் வைக்காமல், நீருள்ள பாத்திரத்திற்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்கியதன் பின்னுள்ள அறிவியல் இது.

குரோம்பேட்டைத் தொழிற்சாலைக்கும் இங்கு விடை உண்டு. குரோமியம் கொலாஜன் கயிறுகளுக்கிடையே புகுந்து அவற்றைக் கூடுதலாகப் பிணைக்கிறது. வெந்நீரில் தானே அவிழும் முறுக்கு, இக்கட்டினால் அவிழ இயலாமல் நின்றுவிடுகிறது.

வைட்டமின் சி குறைவதால் வரும் ஸ்கர்வி நோய்க்கும் இதே கயிறுதான் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொலாஜனிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தோடு ஆக்சிஜன் சேர்ந்தால்தான் முப்புரி உடல் வெப்பத்தில் நிலைத்து நிற்கும். அவ்வேதிச் செயலுக்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காதபோது உடல் வெப்பத்திற்கு முன்பே முறுக்கு அவிழ்கிறது. ஈறுகள் தளர்ந்து குருதி கசிகிறது. சங்கிலியில் ஒரே ஓரிடத்தில் கிளைசினுக்கு மாறாக வேறோர் அமினோ அமிலம் மரபுப் பிழையால் அமர்ந்துவிட்டாலோ, எலும்புகள் எளிதில் முறியும் நோயோடு குழந்தை பிறக்கிறது. நடுவில் வேறெதற்கும் இடமில்லை என்று கிண்டியில் கணக்கிட்டுச் சொன்னது எத்துணை உண்மை என்பதை மருத்துவம் இவ்வாறு உணர்த்தியது.

எதிர்ப்பும் அதன் விளைவும்

முப்புரி மாதிரி உடனே ஏற்கப்பட்டுவிடவில்லை. டி. என். ஏ.வின் வடிவைக் கண்டு புகழ்பெற்றிருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இன் இறுதியில் கொலாஜனுக்குத் தம் மாதிரியை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் கயிறாகத் திரிவதில் இரு தரப்பும் ஒன்றுபட்டன. சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில்தான் வேறுபாடு. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரு பிணைப்புகள் என்றார் இராமச்சந்திரன். ஒன்று மட்டுமே இயலும் என்றனர் அவர்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் இயற்கை பொறுக்காத அளவிற்கு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களது குறை.

கேம்பிரிட்ஜின் பெயருக்கு முன்னால் கிண்டியின் பெயர் எளிதில் மங்கிவிடக்கூடிய காலம் அது. பாடநூல்கள் பலவற்றில் கொலாஜன் அமைப்பைக் கண்டவர்களாக மற்றவர்களே முன்னிறுத்தப்பட்டனர். முதலில் கண்ட பெருமை யாரைச் சாரும் என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. இராமச்சந்திரன் அதனால் வருந்தவில்லை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பாகும். எனினும் அவர் அவ்வருத்தத்தைக் கொண்டு செய்த செயலே அவரைப் பெரியவராக்கியது.

இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இவ்வினாவிற்கு உறுதியான விடை அன்று யாரிடமும் இல்லை. அதனையே முதலில் காண்போம் என்று அவர் துணிந்தார். அதுவரை உலகில் அறியப்பட்டிருந்த படிக அமைப்புகளைத் திரட்டி, அணுக்களுக்கிடையே உள்ள தொலைவுகளைத் தொகுத்து, எவ்விரு அணுக்களுக்கு எது குறைந்த எல்லை என்று வரையறுத்தார். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் இப்பணியில் அவருடன் இணைந்தனர். இன்றைய கணினிகள் இல்லாத அக்காலத்தில் கணக்குகளின் பெரும்பகுதி கைக்கணிப்பொறிகளால் செய்யப்பட்டது.

எல்லைகள் கிடைத்தபின் அடுத்த எண்ணம் பிறந்தது. புரதச் சங்கிலி எவ்வாறு மடங்கினாலும், அதன் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடியவை இரண்டு பிணைப்புகளே. அவற்றின் முறுக்குக் கோணங்களை ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிப்பர். ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதைச் செங்குத்து அச்சிலும் கொண்டு ஒரு சதுரம் வரைந்தால், சங்கிலி எடுக்கக்கூடிய ஒவ்வொரு நிலையும் அச்சதுரத்தில் ஒரு புள்ளியாகிவிடும். எந்தப் புள்ளிகளில் அணுக்கள் மோதிக்கொள்கின்றன என்று கணக்கிட்டபோது, சதுரத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட இடமாயிற்று. சில தீவுகள் மட்டுமே எஞ்சின. இயற்கையின் புரதங்கள் யாவும் ஏறக்குறைய அத்தீவுகளிலேயே வாழ்கின்றன. 1963இல் வெளிவந்த இவ்வரைபடமே இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் வழங்குகிறது. ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாக இன்று யார் கூறினாலும், அது ஏற்கத்தக்கதா என்று பார்க்க முதலில் எடுக்கப்படும் அளவுகோல்களுள் இதுவும் ஒன்று. அழகும் எளிமையும் இவ்வளவு ஒருங்கே அமைந்த அறிவியல் படங்கள் மிகச் சிலவே.

பழைய வழக்கிற்கு விடை 1994இல் கிடைத்தது. கொலாஜனைப் போன்ற சிறு மூலக்கூறு ஒன்றின் படிக அமைப்பு அணு அணுவாகக் காணப்பட்டது. சங்கிலிகளை நேரடியாகப் பிணைப்பது ஒரே ஹைட்ரஜன் பிணைப்புதான். அதில் ரிச்சும் கிரிக்கும் கூறியதே சரி. ஆனால் முப்புரியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வரிசையாக நின்று சங்கிலிகளைப் பாலமிட்டு இணைப்பதும் புலப்பட்டது. இரண்டாவது பிணைப்பு நீரின் வழியாக அமையலாம் என்று இராமச்சந்திரன் 1960களின் பிற்பகுதியிலேயே எழுதியிருந்தார். கயிற்றின் அடிப்படை வடிவம் அவர் கண்டதே.

பிற்கால வாழ்வு

1963, 1967 ஆகிய ஆண்டுகளில் அவர் சென்னையில் கூட்டிய அனைத்துலகக் கருத்தரங்குகளுக்குப் புரத ஆய்வின் முன்னோடிகள் பலர் வந்தனர். 1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த முதலியார் 1969இல் விலகினார். அடுத்த ஆண்டே இராமச்சந்திரனும் சென்னையை விட்டு நீங்கினார். பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். பல படங்களிலிருந்து ஒரு பொருளின் உட்புற வடிவை விரைந்து கணக்கிடும் முறை ஒன்றை ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து 1971இல் வெளியிட்டார். மருத்துவமனைகளில் உடலின் குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கும் சி. டி. கருவிகளின் கணக்குமுறைக்கு இவ்வகை ஆய்வுகள் துணை நின்றன. 1977இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. வாழ்வின் பிற்பகுதியில் தருக்கத்தைக் கணிதமாக்கும் முயற்சியில் மிகுந்த ஈடுபாடு கொண்டார். இந்திய மெய்யியலின் அளவை முறைகளும் அவரை ஈர்த்தன.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று கருதும் அறிவியலார் பலர். படிகவியலார் தம் துறையின் உயர்ந்த விருதாகப் போற்றும் எவால்ட் பரிசு 1999இல் அவரைத் தேடி வந்தது. அப்போது அவர் உடல் நலிந்திருந்தார். நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1945 முதல் உடன் வாழ்ந்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தது அவரைப் பெரிதும் தளர்த்தியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார்.

அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் மும்மைச் சுருள் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் டிரிப்பிள் ஹீலிக்ஸ் அரங்கம் என்று அழைக்கப்படுகிறது. அவர் தொடங்கிய துறை படிகவியலுக்கும் உயிர் இயற்பியலுக்கும் உரிய உயராய்வு மையமாகக் கிண்டி வளாகத்தில் வளர்ந்தது.